கராஜ் கதவு முனகினால் காது கொடுங்கள்

2024 பொங்கல் திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கு மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறையும் சேர்ந்துகொண்டதால், ஹூஸ்டனில் எங்களுக்கெல்லாம் அதிசயமாகப் பொங்கலுக்கு லீவு. காலையிலேயே பியர்லாண்டு மீனாட்சி கோயிலுக்குப் போய்விடுவதாகத் திட்டம். வெளியே தண்ணீர் உறைகிற குளிர். ஆறு மணி வாக்கில் அடுப்பில் பால் பொங்கி வரும் நேரம், கராஜிலிருந்து டமார் என்று ஒரு சத்தம். ஒன்றே ஒன்று, அவ்வளவுதான். டெக்சஸில் குடியிருப்பவனுக்கு முதலில் என்ன தோன்றும்? துப்பாக்கி என்றுதான் நினைத்தேன். அம்மா குக்கர் வெடித்துவிட்டது என்று நினைத்து அடுப்பையே அணைத்துவிட்டாள்.

கராஜ் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கார்கள் இரண்டும் அப்படியே நின்றன. கதவும் மூடியபடியே இருந்தது. ஒன்றுமில்லை போல என்று சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினேன். கதவு நாலைந்து அங்குலம் எழும்பி நின்றது, பிறகு இறங்கிவிட்டது. குளிரில் இறுகியிருக்கும் என்று இன்னொரு தடவை அழுத்தினேன். இந்த முறை மோட்டார் பெட்டிக்குள் கரகரவென்று ஏதோ அரைபட்டது. அப்போதுதான் மேலே பார்த்தேன். கதவுக்கு மேலே சுவரையொட்டி ஓடும் தண்டில் இரண்டு ஸ்பிரிங்குகள் இருக்கும். இடப்பக்கத்து ஸ்பிரிங்கில் இரண்டு அங்குல அளவுக்கு ஓர் இடைவெளி. ஸ்பிரிங் முறிந்திருந்தது.

இரண்டாம் தடவை பொத்தானை அழுத்தியதற்கு நான் கொடுத்த விலை, மோட்டாருக்குள் இருந்த நைலான் பல்சக்கரம். டமார் சத்தத்துக்குப் பிறகு கதவு திறக்க மறுத்தால் பொத்தானைத் தொடாமல் முதலில் அண்ணாந்து பாருங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அம்மா பின்னாலேயே வந்து நின்றாள். தீபாவளிக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்தவள். வந்த வாரமே, "என்னலே, கதவு ஏறும்போதெல்லாம் முனகுது?" என்று கேட்டிருந்தாள். மோட்டார் இருக்கும்மா, அது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தேன். இப்போது முறிந்த ஸ்பிரிங்கைக் காட்டினேன். "கடை ஷட்டருக்கு உங்கப்பா வெள்ளிக்கிழமை தவறாம எண்ணெ விடுவாவல்லா. நீ விட்டியா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

பதில் சொல்லாததற்கு வேறொரு காரணமும் உண்டு. என் தொழிலே எண்ணெய்க் குழாய்களில் துரு தேடுவது. இருபது வருடமாக மற்றவர்களின் இரும்பு எங்கே அரிக்கிறது என்று அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். சொந்த வீட்டில் தலைக்கு மேலே தொங்கிய இரும்பை ஏழரை வருடமாக ஒரு தரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சரி, அந்த ஸ்பிரிங் என்னதான் செய்கிறது? கராஜ் கதவை மோட்டார் தூக்குகிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீட்டுக் கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். எடை ஏறக்குறைய 150 பவுண்டு, அதாவது ஓர் ஆள் கனம். அதை மோட்டார் தூக்குவதில்லை. முறுக்கிவைத்த ஸ்பிரிங்குகள்தான் தூக்குகின்றன. கதவு இறங்கும்போது அதன் எடையே ஸ்பிரிங்கை முறுக்குகிறது. ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, தண்டின் இரு முனையிலும் டிரம் என்ற உருளையில் சுற்றிய கேபிள் வழியாகக் கதவை இழுக்கிறது. கிணற்றில் ஏற்றத்தின் பின்பக்கம் கல்லைக் கட்டுவார்களே, அந்தக் கணக்குதான். மோட்டார் பக்கத்தில் நின்று லேசாகத் தள்ளிவிடும் பையன் மட்டுமே. கஷ்டம் என்னவென்றால், ஸ்பிரிங் சோர்ந்துபோனாலும் அந்தப் பையன் வாய் திறக்காமல் முக்கி முக்கித் தள்ளிக்கொண்டிருப்பான். அம்மாவின் காதில் விழுந்த முனகல் அதுதான். தினமும் கேட்டுக்கொண்டிருந்ததால் என் காதுக்கு அது பழகிப்போயிருந்தது.

கதவு மூடியிருக்கும்போதுதான் முறுக்கு உச்சத்தில் இருக்கும். அதனால்தான் யாரும் தொடாத விடியற்காலையில், சும்மா நிற்கும்போதே அது முறிகிறது. அதிலும் குளிர்ந்த காலைகளில் அதிகம். குளிர் மட்டுமே முறித்துவிடாது. ஏற்கெனவே உள்ளே விரிசல் விட்டிருந்த கம்பியைக் கடைசியாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறது, அவ்வளவே.

அன்று கோயிலுக்குப் போகவில்லை. வீட்டிலேயே படைத்துச் சாப்பிட்டுவிட்டு ஆள் தேடினேன். முதலில் கூப்பிட்ட கடைக்காரர், பெயர் வேண்டாம், ஆளை அனுப்பினார். வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஸ்பிரிங், ரோலர்கள், கேபிள், டிரம், புது மோட்டார் எல்லாம் சேர்த்து 1,400 டாலர் என்றார். ஸ்பிரிங்குக்கு 'வாழ்நாள் உத்தரவாதம்' என்றும் சொன்னார். தாளை வாங்கிப் படித்தேன். உத்தரவாதம் ஸ்பிரிங்குக்கு மட்டும், மாட்டும் கூலி தனி. வீட்டை விற்றால் அதுவும் கிடையாது. நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன். மறுநாள் சாலையெல்லாம் வழுக்கல் என்று ஊரே முடங்கிக் கிடந்தது. அதற்கும் அடுத்த நாள், அலுவலக நண்பர் ஒருவர் சொன்ன வயதான மெக்சிகோக்காரர் வந்தார். ஸ்பிரிங் இரண்டு, மோட்டாரின் பல்சக்கரம், கூலி எல்லாம் சேர்த்து 480 டாலர். இன்றைக்கு விலை மாறியிருக்கலாம். ஆனால் இரண்டு இடத்தில் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பெரியவரிடம் நான் கற்றது அதிகம். கழற்றிய ஸ்பிரிங்கின் முறிந்த முனையை என் கையில் கொடுத்து, பார் என்றார். கம்பியின் வெட்டுமுகம் ஒரே நிறமாக இல்லை. ஓரத்தில் பிறை வடிவத்தில் கரும்பழுப்பு. மீதியெல்லாம் பளபளக்கும் வெள்ளி. பழுப்பு என்பது பழைய விரிசல், காற்றும் ஈரமும் புகுந்து துருவேறிய பகுதி. வெள்ளி என்பது பொங்கலன்று காலை முறிந்தது. ஆபீஸில் இதே படத்தை எத்தனையோ அறிக்கைகளில் ஒட்டியிருக்கிறேன். துரு இரும்பைத் தின்றுதான் முறிக்க வேண்டும் என்பதில்லை. மேற்பரப்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி போட்டால் போதும். ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் இழுவிசை எல்லாம் அந்தக் குழியின் அடியில் போய்க் குவியும். அங்கே மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் விழும். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கீறல் கொஞ்சம் நீளும். கம்பி தடிமனாகத்தான் இருக்கிறது, மேலே லேசாகத் துரு, துடைத்தால் போச்சு என்று நினைப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

நியாயமாகச் சொன்னால் ஸ்பிரிங்குக்கு வயதும் ஆகியிருந்தது. சாதாரணமாக வீடு கட்டும்போது மாட்டித் தரும் ஸ்பிரிங்குக்கு 10,000 சுற்று ஆயுள் என்று கணக்கு. ஒரு தடவை திறந்து மூடினால் ஒரு சுற்று. நாங்கள் 2016 கோடையில் குடிவந்தோம். ஒரு நாளைக்கு நாலு தடவை என்று வைத்தாலும் வருடத்துக்கு 1,460. ஏழரை வருடத்தில் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் வலப்பக்க ஸ்பிரிங்கும் அதே பத்தாயிரத்தை ஓடியதுதானே? அது ஏன் இடப்பக்கத்தைவிடச் சுத்தமாக இருந்தது?

பெரியவர் கேட்ட அடுத்த கேள்வியில் விடை கிடைத்தது. கராஜின் இடது மூலை அலமாரியைக் காட்டி, "அந்த ஜாடியில் என்ன?" என்றார். நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சரிசெய்ய வாங்கிவைத்த மியூரியாட்டிக் அமிலம். அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்த அமிலத்தின் ஆவி பிளாஸ்டிக் ஜாடியின் மூடி வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஹூஸ்டன் ஈரத்தில் அது கலந்தால் அந்த மூலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அமிலப் பனிதான். இடப்பக்க டிரம் அலுமினியம். அதன் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. தண்டைத் தாங்கும் இடப்பக்க பேரிங் தகடு முழுக்கப் பழுப்பு. அலமாரியில் தொங்கிய ஸ்பேனர்களும் அப்படியே. வலப்பக்கம் இவ்வளவு இல்லை. இந்த ஊரில் குளம் உள்ள வீடுகளில் பாதிப் பேர் அந்த ஜாடியைக் கராஜில்தான் வைத்திருக்கிறார்கள் என்று பெரியவர் சொன்னார். அவர் சொன்ன கணக்கு சரியோ தவறோ, எங்கள் தெருவில் நான் பார்த்த மூன்று வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

இப்போது ஜாடி வெளியே, கொல்லைப்புறத்தில் காற்றோட்டமான பெட்டியில், நிழலில் இருக்கிறது. குளத்துக்குப் போடும் குளோரின் வேறு பெட்டியில். இரண்டும் கலந்தால் விஷவாயு. ஒரே பெட்டியில் வைத்து இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அமிலம் இல்லாவிட்டாலும் இந்த ஊர்க் காற்று சும்மா விடாது. தூத்துக்குடியில் பிறந்தவனுக்கு உப்புக்காற்று புதிதல்ல. எங்கள் கடை உப்பளத்துக்குப் போகும் சாலையில் இருந்தது. ஷட்டரின் அடிப்பட்டி இரண்டு வருடத்தில் அப்பளம் போல உதிர்ந்துவிடும். அப்பா பட்டறையிலிருந்து வேஸ்ட் ஆயில் வாங்கி வந்து, பழைய வேட்டித் துணியில் தோய்த்து வெள்ளிக்கிழமை தோறும் தடவுவார். நாங்கள் இருக்கும், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊர்ப் பக்கம் கடலிலிருந்து தள்ளியே இருக்கிறது. உப்பு அவ்வளவு வராது. ஆனால் மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் முழுசாக வரும். இரும்பைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடும். இங்கே விடியற்காலையில் 90 என்பது சர்வசாதாரணம்.

கோடையைவிட மோசமான காலம் ஒன்று இருக்கிறது. இங்கே வந்து பல வருடம் எனக்கு அது உறைக்கவே இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து குளிர் இறங்கும். இரண்டு மூன்று நாள் வீடே சில்லென்று கிடக்கும். பிறகு ஒரு ராத்திரியில் காற்று திசை மாறித் தெற்கிலிருந்து வீசி, வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று ஊருக்குள் வந்துவிடும். வெளியே வெப்பம் ஏறிவிடும். கராஜின் கான்கிரீட் தரையும் இரும்பும் மட்டும் இன்னும் குளிர்ந்தே இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பது போலத் தரை வியர்க்கும். மழை கிடையாது, குழாய் எதுவும் கசியவில்லை, ஆனாலும் தரையில் கால் வழுக்கும். முதல் தடவை பார்த்தபோது வாட்டர் ஹீட்டர் ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டு ஏமாந்தேன். தரை வியர்க்கும்போது ஸ்பிரிங்கும் வியர்க்கிறது, அதன் சுற்றுகளுக்கு இடையில் நீர் கோத்து நிற்கிறது. உயரத்தில் இருப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

அந்த மாதிரி நாளில் காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துவைப்பது தப்பு. உள்ளே வருவதே அந்த ஈரக்காற்றுதான். மூடியே வைத்து, தரை வெளிச்சூட்டுக்கு வரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கதவு இறங்க மறுத்தால் பதற வேண்டாம். தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இரு பக்கமும், குறுக்கே ஏதாவது வந்தால் கதவை இறங்கவிடாத பாதுகாப்புக் கண்கள் இருக்கும். கதவை ஓட்டும் மோட்டார் பெட்டியை ஓப்பனர் என்பார்கள்; 1993க்குப் பிறகு இந்த நாட்டில் ஓப்பனருக்கு இவையோ இவை போன்ற பாதுகாப்போ கட்டாயம். அந்தக் கண்களின் கண்ணாடியில் பனி படிந்திருக்கும். துணியால் ஒரு துடை துடைத்தால் சரியாகிவிடும்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வாங்கிப் பார்த்தேன். நாளைக்கு ஒரு வாளித் தண்ணீர் பிடித்தது. பார்க்கத் திருப்தியாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் நாலு தடவை 16 அடிக் கதவைத் திறந்து மூடினால், பிடித்ததெல்லாம் திரும்ப உள்ளே வந்துவிடுகிறது. கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டேன். கராஜுக்கு வெப்பம் புகாத காப்பு போட்டு, ஏசியும் வைத்துப் பட்டறையாக வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படலாம். மற்றவர்கள் அந்தக் காசில் கதவின் அடிரப்பரை மாற்றலாம். எங்கள் ரப்பர் காய்ந்து சுருண்டு, மழைநீர் இரு மூலையிலும் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதை மாற்றியதும், மழையில் நனைந்து வரும் காரை அரைமணி நேரம் வெளியே நிறுத்திச் சொட்டவிட்டு உள்ளே கொண்டுவருவதும் நிஜமாகவே வித்தியாசம் காட்டின.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோர் வீட்டிலும் துரு விடுவிக்கும் ஸ்ப்ரே டப்பா ஒன்று இருக்கும். அதை ஸ்பிரிங்கில் அடித்தால் முதல் நாள் பளிச்சென்று இருக்கும். இருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயையும் அது கரைத்துக் கழுவிவிட்டு, தானும் ஆவியாகிப் போய்விடும். ஒரு மாதத்தில் முன்பைவிட வறண்டுவிடும். நட்டைக் கழற்றத்தான் அது. ஸ்பிரிங்குக்கு கராஜ் கதவுக்கென்றே விற்கும் லூப்ரிகன்ட் வாங்கலாம், இல்லாவிட்டால் சாதாரண 30 எண் மோட்டார் ஆயிலும் போதும். கெட்டியான கிரீஸ் வேண்டாம். ஸ்பிரிங் சுற்றுகளுக்குள் அது புகாது, மேலே உட்கார்ந்து தூசியைப் பிடித்து ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்வது இதுதான். முதலில் ஓப்பனரின் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். நான் ஏணியில் நிற்கும்போது வீட்டுக்குள்ளிருந்து யாராவது பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கதவு மூடியிருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஓர் அட்டையைச் செருகிவிட்டால் சுவரில் கறை விழாது. நீளம் முழுக்கச் சுற்றுகளின் மேல் படுகிற மாதிரி எண்ணெய் அடித்து, சொட்டுவதைத் துணியால் துடைத்துவிட்டு, இறங்கி பிளக்கைப் போட்டு நாலைந்து தடவை கதவை ஓட்டுவேன். ஸ்பிரிங் முறுகும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலிலேயே எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கதவு ஏறும்போது வரும் முனகலும் பாதி அந்த உரசல்தான். துரு கண்டால் சுரண்டக் கூடாது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது. துடைக்கலாம். துடைத்த பிறகு நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது குழி தட்டுப்பட்டால் அது எண்ணெய்க்கு அடங்காது. மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

கீல்களுக்கும் பேரிங்குகளுக்கும் ஒவ்வொரு சொட்டு. நைலான் ரோலராக இருந்தால் நடுவில் உள்ள பேரிங்குக்கு மட்டும், சக்கரத்துக்கு வேண்டாம். ரோலர் ஓடும் டிராக்குக்கு எண்ணெயே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். இதில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம். டிராக் முழுக்க கிரீஸ் பூசிவிட்டு ஸ்பிரிங்கை மறந்துவிடுகிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன்.

மாதம் ஒரு முறை ஒரு சோதனை. கதவை முழுக்க மூடிவிட்டு, ஓப்பனரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் மோட்டாரின் பிடி விட்டுவிடும். பிறகு கையால் கதவைத் தூக்க வேண்டும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். இடுப்பு உயரத்தில் நிறுத்திக் கையை மெல்ல எடுத்தால் அங்கேயே நிற்கும். கீழே நழுவினால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. தானாக மேலே போனால் முறுக்கு அதிகம். தூக்கவே கனமாக இருந்தால் அதோடு விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கதவு திறந்து நிற்கும்போது மட்டும் அந்தச் சிவப்புக் கயிற்றைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் முறிந்திருந்து நமக்குத் தெரியாமல் போனால், 150 பவுண்டும் ஒரே விழாக விழும்.

கேபிளையும் பாருங்கள், குறிப்பாகக் கதவின் அடியில் அது மாட்டியிருக்கும் இடத்தை. தண்ணீர் முதலில் படுவது அங்கேதான், இழைகளும் முதலில் அறுவது அங்கேதான். பார்ப்பதோடு சரி. அடிமூலையில் கேபிள் மாட்டியிருக்கும் தகட்டின் திருகுகளைக் கழற்றவே கூடாது. கதவின் முழு இழுவையும் அதில்தான் இருக்கிறது.

ஸ்பிரிங்கை நானே மாற்றியிருக்கலாமே என்று மகன் கேட்டான். யூடியூபில் இருபது நிமிட வீடியோ ஒன்றையும் காட்டினான். பெரியவர் வேலை செய்யும்போது கூடவே நின்று பார்த்தேன். முதலில் ஸ்பிரிங்கின் 20 சுற்றை அளந்தார். நாலரை அங்குலம் வந்தால் கம்பி 0.225 அங்குலத் தடிமன், ஐந்து வந்தால் 0.250. கம்பித் தடிமன், உள்விட்டம், நீளம் மூன்றும் கதவின் எடைக்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் கதவு சமநிலைக்கு வராது. இடது ஸ்பிரிங்கும் வலது ஸ்பிரிங்கும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டவை, மாற்றி மாட்ட முடியாது. ஒன்று முறிந்தால் இரண்டையும் மாற்றிவிட வேண்டும். மற்றதும் அதே வயதுதான். அப்புறம் 18 அங்குல இரும்புக் கம்பிகள் இரண்டை ஸ்பிரிங் முனையின் ஓட்டைகளில் மாற்றி மாற்றிச் செருகி, கால் சுற்று கால் சுற்றாக முறுக்கினார். 7 அடிக் கதவுக்கு ஏழரைச் சுற்று, அதாவது முப்பது கால் சுற்று, ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும். கடைசிப் பத்தில் அவர் முன்கை நரம்பெல்லாம் புடைத்து நின்றது. கம்பிக்கு நேராகத் தலை வராதபடி விலகியே நின்றார். வலது சுட்டுவிரலின் முனை இல்லாததை அப்போதுதான் கவனித்தேன். கேட்கவில்லை, அவரே சொன்னார். வேலையில் சேர்ந்த புதிதில் கம்பிக்குப் பதிலாக ஸ்க்ரூடிரைவரைச் செருகினாராம். மகனுக்கு அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புது ஸ்பிரிங் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். துத்தநாகம் பூசிய வெள்ளி நிற ஸ்பிரிங், எண்ணெயில் பதப்படுத்திய கறுப்பு ஸ்பிரிங் என்று இரண்டு ரகம். ஈரமான ஊர் என்றதும் துத்தநாகம்தான் என்று என் தொழில்புத்தி சொன்னது. பெரியவர் இல்லை என்று தலையை ஆட்டினார். துத்தநாகம் பூசியது துருவுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் சீக்கிரம் தளர்ந்துவிடும், இடையில் வந்து மறுபடி முறுக்க வேண்டியிருக்கும். கறுப்பு தளராது, ஆனால் எண்ணெய் கேட்கும். நீ எண்ணெய் போடுகிற ஆளா, போடாத ஆளா என்று கேட்டார். அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். கறுப்பே மாட்டுங்கள் என்றேன். கொஞ்சம் கூடக் கொடுத்து, தடித்த கம்பியில் 20,000 சுற்று தாங்கும் ஸ்பிரிங்காகப் போட்டுக்கொண்டேன். கதவு நாளைக்கு எத்தனை தடவை ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கூடுதல் காசு வீண் இல்லை.

அந்த வருடமே அதற்குச் சோதனை வந்தது. மே 16ஆம் தேதி மாலை டெரேச்சோ என்ற சூறைக்காற்று ஊரைப் புரட்டிப் போட்டது. ஜூலை 8ஆம் தேதி விடியலில் பெரில் புயல் மட்டகோர்டா பக்கம் கரையேறி நேராக ஹூஸ்டன் மேல் வந்தது. இருபது லட்சத்துக்கும் மேலான இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்களுக்கு நாலு நாள் இல்லை. புயல் ஓய்ந்த மதியம் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு ஒற்றைக் கையால் கதவைத் தூக்கினேன்; சத்தமே இல்லாமல் ஏறியது. எதிர் வீட்டில் எழுபது தாண்டிய குஜராத்தித் தம்பதி. அவர்கள் கதவு அசையவில்லை. மருந்துகளைக் குளிரில் வைக்க ஐஸ் வாங்கப் போக வேண்டும், கார் உள்ளே. மோட்டார் இருந்தவரை தெரியாத சோர்வு, கரண்ட் போனதும் தெரிந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கி, டிராக்கில் ரோலருக்குக் கீழே பூட்டும் பிளையர் ஒன்றை இறுக்கிக் கதவை நிறுத்தி, காரை வெளியே எடுத்துக் கொடுத்தோம். தெருவில் இன்னொருவர் ஜெனரேட்டரைக் கராஜுக்குள் வைத்துக் கதவைப் பாதி திறந்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். சண்டை போடாத குறையாகச் சொல்லி வெளியே இழுத்துப் போட வைத்தோம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அந்த வாரம் இந்த வட்டாரத்தில் அந்த வாயுவால் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஏராளம்.

அம்மா ஏப்ரலிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டாள். வீடியோவில் பேசும்போது கதவைப் பற்றி அவ்வப்போது கேட்பாள். போன மாதம், "ஏத்தி எறக்கிக் காட்டு, சத்தம் கேக்கட்டும்" என்றாள். ஃபோனைக் கதவுப் பக்கம் நீட்டினேன். ஏறி இறங்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "வலது பக்கம் மேல ஒரு உருளை கிறீச்சுங்கு" என்றாள். மறுநாள் ஏணி போட்டு ஏறி அந்த ரோலரைப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. அதைத் தாங்கியிருந்த கீலின் முள்தான் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.